காட்டுவழிப் பாதயாத்திரைக்கு எடை குறைந்த நடைக்கோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் திகதி வெளியானதும், கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறவர்கள் பையையும் சப்பாத்தையும் விசாரித்த கையோடு கோலைப் பற்றியும் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கடையில் ட்ரெக்கிங் போல், ட்ரெக்கிங் ஸ்டிக் என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள். இங்கே கோல் என்றே எழுதுகிறோம். மாமாங்கத்திலோ மண்டூரிலோ திருக்கோவிலிலோ புறப்பட்டு, பொத்துவில், பாணமை, உகந்தை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று போகும் நடையை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். குடும்பிமலை, தாந்தாமலைப் பக்கம் ஒருநாள் நடந்து வருகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எங்கள் பாதை முழுக்கத் தட்டை நிலம். மலை ஏறுகிறவர்களின் கோல் நமக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. கோலால் முழங்காலுக்குக் கிடைக்கும் பெரிய உதவி இறக்கத்தில்தான். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 25 பாகைச் சரிவில் இரண்டு கோலோடு இறங்கியவர்களின் முழங்கால் மூட்டில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருந்தது. கல்முனைத் தார் வீதியில் அந்த அளவு பயனை எதிர்பார்க்க வேண்டாம். தட்டை நிலத்தில் கோல் ஊன்றி நடந்தால் கையும் தோளும் சேர்ந்து உழைக்கின்றன. உடம்பு செலவழிக்கும் சக்தி சற்றுக் கூடும், குறையாது. அப்படியிருந்தும் நடக்கிறவருக்குக் களைப்புக் குறைவாகவே தெரியும், ஏனென்றால் சுமை கால்களில் மட்டும் விழாமல் உடம்பெங்கும் பரவுகிறது.

நம் பாதையில் கோல் உதவும் இடங்கள் வேறு. முதுகில் ஏழெட்டுக் கிலோ பையோடு மணலில் கால் புதையும்போது நிலை தவறாமல் பிடிக்கும். ஆற்றைக் கடக்கும்போது மூன்றாவது காலாக நிற்கும். மூன்றாம் நாள் பின்னேரம், கால் தூக்கத் தூக்கத் தரையில் உரசும் நேரத்தில், வேரில் இடறி விழாமல் காப்பாற்றும். கையைத் தொங்கப்போட்டு வெயிலில் நடப்பதால் விரல்கள் வீங்குவதும் குறையும். இத்தனைக்கும் இமயமலைக்குப் போகிற கோல் தேவையில்லை. கோலின் துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு மணலையும் உப்பையும் தாங்க வேண்டும், முனைக்கு மேலே மாட்டும் வட்டு அளவாக இருக்க வேண்டும். விளம்பரம் எடையைத்தான் பெரிதாகச் சொல்லும். இந்தப் பாதையில் எடை இரண்டாவது இடத்தில்தான் வருகிறது.

ஊர்ப் பொல்லு போதாதா? பெரியவர்கள் அதோடுதானே நடந்தார்கள்?

போதும். நேரான, காய்ந்த, பெருவிரல் தடிப்புள்ள பொல்லு உடையாது, பூட்டு நழுவாது, உப்புப் பிடிக்காது. ஆற்றைக் கடக்க அதைவிட நல்லது இல்லை என்றே சொல்லலாம். குறை எடையில்தான்: காய்ந்த மரப் பொல்லு ஒன்றே ஒரு சோடி நல்ல கோலின் எடைக்கு வந்துவிடும். நீளத்தை மாற்ற முடியாது, பஸ்ஸில் மடித்து வைக்க முடியாது, இரண்டு கையிலும் நாள் முழுக்கத் தூக்கி வீச முடியாது. ஒரு கையில் மட்டும் பிடித்து, தேவையான இடத்தில் மட்டும் ஊன்றி நடக்கிறவர் கோலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் உகந்தை தாண்டியபின் பொல்லு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அது குமுனை தேசியப் பூங்கா, அங்கே மரம் வெட்டக் கூடாது. வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

எடை குறைந்தது என்றால் எத்தனை கிராம்? ஒரு நூறு கிராமில் என்ன வந்துவிடப் போகிறது?

சோடி 450 முதல் 600 கிராம் வரை இருப்பது பொதுவான அலுமினியக் கோல். கார்பன் கோல்கள் சோடி 300 முதல் 450 கிராம் வரை. இதற்கும் கீழே போனால் மெல்லிய குழாய், நீளம் மாற்ற முடியாத அமைப்பு என்று எதையாவது விட்டுக்கொடுத்திருப்பார்கள்.

நூறு கிராமின் கணக்கு இது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,400 அடி வைக்கிறோம். இரண்டு அடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு கோலும் தரையை விட்டு எழும், ஆகவே கிலோமீட்டருக்கு 700 தடவை. இருபது கிலோமீட்டர் நடக்கும் நாளில் ஒவ்வொரு கையும் 14,000 தடவை கோலைத் தூக்குகிறது. கோல் ஒன்றில் 100 கிராம் கூடினால், அன்றைக்கு அந்தக் கை தூக்கியது கூட்டுத்தொகையில் 1,400 கிலோ அதிகம். முதல் நாள் தெரியாது. நான்காம் நாள் தோள் சொல்லிவிடும்.

ஆனால் மொத்த எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். நாம் பிடிப்பது மேல் முனையை. கீழ் முனையில் உள்ள ஒவ்வொரு கிராமும் கைக்குப் பல மடங்காகத் தெரியும். கடையிலேயே பார்த்துவிடலாம். உங்கள் நீளத்துக்குக் கோலை நீட்டி, ஒரு விரலின் மேல் கிடையாக வைத்து, எந்தப் புள்ளியில் சாயாமல் நிற்கிறதென்று பாருங்கள். அந்தப் புள்ளி கைப்பிடிக்குக் கிட்ட இருக்க இருக்க நல்லது. இரண்டு கோல் ஒரே எடையாக இருந்தாலும், அந்தப் புள்ளி கீழே தள்ளி இருப்பது சீக்கிரம் களைக்க வைக்கும்.

இன்னொன்று: பெட்டியில் போட்டிருக்கும் கிராம் ஒரு கோலுக்கா, சோடிக்கா என்று கேளுங்கள். கைப்பிடியிலிருந்து மணிக்கட்டில் மாட்டும் பட்டியான கைவாரையையும் வட்டையும் சேர்க்காமல் போட்டிருப்பதும் உண்டு. தராசில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

அலுமினியமா, கார்பனா?

இரண்டும் கெடும் விதம் வேறு. அலுமினியம் வளையும், வளைந்த கோலோடு கதிர்காமம் போய்ச் சேரலாம். கார்பன் வளையாது, ஓர் எல்லை தாண்டினால் ஒரேயடியாக முறியும். நேராக ஊன்றும் விசையைக் கார்பன் நன்றாகவே தாங்கும். அதற்கு எமன் பக்கவாட்டு விசை. பாறை இடுக்கிலோ வேர்களுக்கு நடுவிலோ முனை சிக்கிக்கொள்ள, உடம்பு முன்னே போய்விட்டால் கோல் நெம்புகோலாகிவிடும், அந்தக் கணமே முறியும். கல்லில் உரசி விழுந்த கீறலும் ஆபத்து. அன்று முறியாது, மூன்று நாள் கழித்து, சும்மா ஊன்றும்போது அந்தக் கீறலிலேயே முறியும்.

கார்பனின் நன்மை எடை மட்டும் அல்ல. தார் வீதியில் ஊன்றும்போது மணிக்கட்டுக்கு ஏறும் அதிர்வை அது குறைக்கும். மாமாங்கத்திலிருந்து பொத்துவில் வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டரும் பெரும்பாலும் ஏ4 வீதியிலேயே நடக்கிறவருக்கு அது பெரிய சுகம்.

எங்கள் அபிப்பிராயம்: வருடத்தில் ஒரு தடவை இந்த நடைக்கு மட்டும் வாங்குவதென்றால் 7075 என்ற உறுதி கூடிய ரக அலுமினியத்தில், வெளியே மடக்கி இறுக்கும் பூட்டோடு, சோடி 500 கிராமுக்கு உள்ளே வருவதை எடுங்கள். அடிக்கடி நடக்கிறவர், பொருளைப் பக்குவமாக வைத்திருக்கிறவர் கார்பன் எடுக்கலாம். மேல் துண்டுகள் கார்பனாகவும் அடித்துண்டு மட்டும் அலுமினியமாகவும் வரும் கலப்புக் கோல்களும் உண்டு. கல்லில் அடிபடுவது அடித்துண்டு என்பதால் அது புத்திசாலித்தனமான அமைப்பு.

திருகுப்பூட்டு, நெம்புப்பூட்டு, மடிக்கும் கோல் – எதை எடுப்பது?

நெம்புப்பூட்டு. வெளியே சிறிய பிடியை மடக்கி இறுக்கும் வகை. மணல் பட்டாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம், வியர்த்த கையாலும் திறக்கலாம்.

திருகுப்பூட்டு குழாய்க்கு உள்ளே இருக்கிறது. குழாயைத் திருகும்போது உள்ளே உள்ள பிளாஸ்டிக் குமிழ் விரிந்து சுவரைப் பிடிக்கும். எடை சற்றுக் குறைவு, விலையும் குறைவு. ஆனால் நுண்மணல் உள்ளே போனால் குமிழ் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உகந்தைக்குப் பிறகு மணல் இல்லாத இடத்தைத் தேடத்தான் வேண்டும்.

மடிக்கும் கோலில் மூன்று நான்கு துண்டுகளை உள்ளே ஓடும் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். பைக்குள் அடங்குவதில் இதை மிஞ்ச ஒன்றில்லை. பொருத்துகளில் மணல் சேர்ந்தால் கழற்றக் கஷ்டம். கயிறு அறுந்தால் காட்டுக்குள் வைத்துத் திருத்துவது கிட்டத்தட்ட முடியாது.

என் உயரத்துக்கு எந்த நீளம்?

முனையைக் காலுக்குப் பக்கத்தில் ஊன்றிக் கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை 90 பாகையில் மடங்க வேண்டும். கணக்காகச் சொன்னால் உயரத்தை 0.68ஆல் பெருக்குங்கள். 150 செ.மீ. உயரத்துக்கு 102, 160க்கு 109, 170க்கு 116, 180க்கு 122 செ.மீ. வெறுங்காலோடு நடக்கப் போகிறவர் வெறுங்காலோடு நின்றே அளக்க வேண்டும், சப்பாத்து இரண்டு மூன்று செ.மீ. கூட்டிவிடும்.

இளமணலில் முனை புதைவதால் 3 முதல் 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். நீண்ட ஏற்றத்தில் 5 முதல் 10 குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். குழாயில் எழுதியிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டி நீட்டவே கூடாது. இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று போதிய நீளம் இருக்காவிட்டால் அந்த இடத்தில்தான் வளையும், முறியும்.

மூன்று துண்டுக் கோலில் இரண்டு பூட்டு இருக்கும். கீழ்ப்பூட்டை நடு அளவில் வைத்துவிட்டு, வழியில் மாற்றுவதை மேற்பூட்டில் மட்டும் மாற்றினால் குழப்பம் வராது. சரியான அளவு தெரிந்ததும் குழாயைச் சுற்றி ஒரு வரி டேப் ஒட்டிவிடுங்கள். விடியற்காலை இருட்டில் புறப்படும்போது எண்ணைத் தேட வேண்டியிருக்காது.

கைவாரை எதற்கு? எல்லோரும் ஏன் தவறாக மாட்டுகிறார்கள்?

வளையல் போடுவதுபோல் மேலிருந்து கையை நுழைத்துவிடுகிறார்கள். அப்படி மாட்டினால் வாரை சும்மா தொங்கும், முழுப் பாரமும் விரல்களின் இறுக்கத்தில் விழும். வாரையின் வட்டத்துக்குள் கீழிருந்து மேலாகக் கையை விடுங்கள். பிறகு வாரையையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடியுங்கள். இப்போது வாரை மணிக்கட்டின் பின்பக்கம் வளைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் கைப்பிடிக்குப் போகும். கீழே அமுக்கும் பாரத்தை மணிக்கட்டு வாரைக்குக் கொடுத்துவிடும். விரல்கள் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் தளர்வாக இருந்தால் போதும்.

ஆற்றில் இறங்கும்போதும், பாறையில் இறங்கும்போதும், வேர் பின்னிய இடத்திலும் வாரையைக் கழற்றிவிடுங்கள். முனை சிக்கினால் கோலை விட்டுவிட வேண்டும். வாரை மாட்டியிருந்தால் கோலோடு கையும் போய்விடும்.

கைப்பிடி?

கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் நடக்கிறோம், கை வியர்த்துக்கொண்டே இருக்கும். றப்பர் கைப்பிடி வழுக்கும், கொப்புளம் போடும். தக்கையோ பஞ்சுபோன்ற ஃபோமோ எடுங்கள். ஃபோம் வியர்வையை உறிஞ்சும், ஆகவே ஒவ்வொரு இரவும் தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள். றப்பர் கைப்பிடிதான் இருக்கிறதென்றால் பருத்தித் துணி நாடாவை இறுக்கிச் சுற்றினால் சமாளிக்கலாம்.

தார் வீதியில் முனை வழுக்குகிறது, சத்தமும் போடுகிறது. என்ன செய்வது?

முனையில் இருப்பது டங்ஸ்டன் கார்பைட் என்ற மிகக் கடினமான உலோகச் சேர்மம். மண்ணிலும் கிரவலிலும் பிடிக்கும், தாரிலும் கொங்கிரீட்டிலும் சறுக்கும். அதன்மேல் றப்பர் மூடி போடுங்கள். பாணமை தாண்டிக் கிரவலும் மணலும் தொடங்கும் இடத்தில் கழற்றிப் பைக்குள் வையுங்கள். மணலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் மூடியோடு போனால் நிலம் அதை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். பிறகு காட்டில் கிடக்கும் றப்பர் குப்பை நம்முடையது.

நீண்ட தார் வீதியில் மூடி தேயும். ஒவ்வொரு மாலையும் திருப்பிப் பாருங்கள். நடுவில் உலோகம் எட்டிப் பார்த்தால் மாற்ற வேண்டும். மாற்று மூடி ஒரு சோடியாவது கையில் இருக்கட்டும். வழியில் தொலைந்தால், பாமசிகளில் ஊன்றுகோலுக்கு விற்கும் றப்பர் மூடி சில கோல்களுக்குப் பொருந்தும். தளர்வாக இருந்தால் உள்ளே சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றிச் செருகலாம்.

மணலில் கோல் அரைவாசி புதைகிறது.

வட்டு சிறியது. முனைக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் வட்டத்தைத்தான் வட்டு என்கிறோம். கோலோடு வருவது பெரும்பாலும் நான்கு செ.மீ.க்குள் இருக்கும், அது வீதிக்கும் கிரவலுக்கும். இளமணலுக்கு 5 செ.மீ.க்குக் குறையாத சேற்று வட்டு வேண்டும். பனிக்கென்று விற்கும் எட்டுப் பத்து செ.மீ. வட்டு மணலில் இன்னும் நன்றாக நிற்கும், ஆனால் பற்றைகளில் சிக்கி இழுக்கும், கீழ் முனையில் எடையும் கூட்டும். ஒரு சோடி சேற்று வட்டு போதும்.

வட்டைத் திருகி மாட்டும் புரி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கோல் வாங்கும்போதே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கல்லடிக் கடற்கரையில் அலை தொடாத காய்ந்த மணலில் அரை மணி நேரம் நடந்தால் எந்த வட்டு சரி என்று தெரிந்துவிடும்.

வெறுங்காலோடு நடக்கிறோம். கோல் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஒரு கவனத்தோடு. கார்பைட் முனை கூரானது. சப்பாத்துக்காரருக்குக் கீறலோடு போகும் தவறு, வெறுங்காலுக்குக் காயம். அந்தக் காயத்தோடு இன்னும் மூன்று நாள் மணலில் நடக்க வேண்டியிருக்கும். கோலை உடம்புக்கு ஒரு சாண் வெளியே தள்ளியே ஊன்றுங்கள். முனை எதிர்ப்பாதத்தின் குதிக்கு நேரே, அல்லது சற்றுப் பின்னே விழ வேண்டும். வலது கால் முன்னே போகும்போது இடது கோல். கூட்டமாகப் போகும்போது முனையைப் பின்னால் வீசாதீர்கள், பின்னே வருகிறவரின் பாதமும் வெறும் பாதம்தான்.

ஒரு கையில் வேல் இருக்கிறது. ஒரு கோல் போதுமா?

போதும். ஒரே பக்கம் நாள் முழுக்கப் பிடித்தால் அந்தத் தோளும் இடுப்பின் மறுபக்கமும் வலிக்கும், மணிக்கு ஒரு தடவை கை மாற்றுங்கள். ஒரு முழங்காலில் வலி இருந்தால் மட்டும் விதி வேறு: வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் கோல் இருக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில்.

குமுக்கன் ஆற்றைக் கடக்கும்போது?

முதலில், எல்லோரும் கடக்கும் துறையில் கூட்டத்தோடு கடவுங்கள். அங்கே முதலை உண்டு. தனியாக வேறு இடம் தேட வேண்டாம்.

கோலின் வேலை இங்கேதான் மிகத் துல்லியமாகத் தெரியும். வாரையைக் கழற்றுங்கள். பையின் இடுப்புப் பட்டியையும் நெஞ்சுப் பட்டியையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட வேண்டும். கோலை வழக்கத்தைவிட 10 செ.மீ. நீட்டி, முகத்தை நீர் வரும் திசைக்குத் திருப்பி, பக்கவாட்டாக நகருங்கள். இரண்டு கால், இரண்டு கோல் என்று நான்கு ஊன்றல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள், மற்ற மூன்றும் தரையில் இருக்கட்டும். மணல் ஆற்றில் ஒரு சூழ்ச்சி உண்டு: கோல் ஊன்றிய இடத்தைச் சுற்றி நீரோட்டம் மணலை அரித்துக்கொண்டு போகும், முனை மெல்லக் கீழே இறங்கும். ஊன்றியதும் ஒரு கணம் பொறுத்து, அது நின்றபின் பாரம் கொடுங்கள். வட்டைக் கழற்றாதீர்கள், அது இல்லாவிட்டால் இன்னும் ஆழமாக இறங்கும்.

கரையேறியதும் கோலைத் துண்டு துண்டாகக் கழற்றி உள்ளே உள்ள நீரை ஊற்றிவிடுங்கள். நீரோடு வந்த நுண்மணல் அப்படியே காய்ந்தால் மறுநாள் பூட்டுப் பிடிக்காது.

நடக்க நடக்கக் கோல் தானாகக் குட்டையாகிறது. ஏன்?

நெம்புப்பூட்டென்றால், அதிலுள்ள சிறு ஆணி தளர்ந்திருக்கிறது. பிடியைத் திறந்துவிட்டு ஆணியைக் கால் சுற்று இறுக்குங்கள். மூடும்போது விரலுக்குச் சற்று எதிர்ப்புத் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையால் குத்தி மூடும் அளவுக்கு இறுகக் கூடாது. மிதமிஞ்சி இறுக்கினால் பிளாஸ்டிக் பிடி வெடிக்கும், கார்பன் குழாய் நசுங்கும். இறுக்கியபின் கைப்பிடியின்மேல் உள்ளங்கையை வைத்து உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமுக்கிப் பாருங்கள். இறங்காவிட்டால் சரி. இதைத் தினமும் புறப்படுமுன் செய்யுங்கள். பகலில் வெயிலில் சரியாக இருந்த பூட்டு இரவுப் பனிக்குப் பின் சற்றுத் தளர்ந்திருப்பது வழக்கம்.

திருகுப்பூட்டென்றால் துண்டுகளை முழுதாக இழுத்துக் கழற்றுங்கள். குமிழையும் குழாயின் உட்சுவரையும் காய்ந்த துணியால் துடையுங்கள். ஒரு குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டால் வேலை சுலபம். குமிழ் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மெல்லிய அரத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். மீண்டும் செருகித் திருகும்போது கீழ்த்துண்டை வெளியே இழுத்தபடியே திருகுங்கள், குமிழ் சுவரைப் பற்றிக்கொள்ளும்.

எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள். இறுகிய சைக்கிளுக்கு எண்ணெய் போடும் பழக்கத்தில் இதற்கும் விட்டுவிடுகிறார்கள். பூட்டுப் பிடிப்பதே உராய்வால்தான். எண்ணெய் பட்டால் அந்தப் பூட்டு பிறகு நம்ப முடியாதது.

துண்டு இறுகிவிட்டது, கழற்ற முடியவில்லை.

கடற்கரையோரம் வைத்திருக்கும் அலுமினியக் கோலுக்கு இது அடிக்கடி வரும். உப்பு ஈரம் பட்டால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அது இரண்டு குழாய்க்கும் நடுவில் சிமெந்துபோல் இறுகும். கார்பனும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம்.

பூட்டைத் திறந்துவிட்டு, வெளிக்குழாயின்மேல் மட்டும் சூடான தண்ணீர் ஊற்றுங்கள். உட்குழாயை நனைந்த குளிர்துணியால் சுற்றி வையுங்கள். வெளிக்குழாய் விரியும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிப் பிடித்து, முறுக்கியபடியே இழுங்கள். குறடு போடாதீர்கள், குழாய் நசுங்கினால் பிறகு எதுவும் செய்ய முடியாது. கழன்று வந்ததும் வெள்ளைப் பொடியைப் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துணியால் தேய்த்தெடுத்துத் துடையுங்கள்.

காட்டுக்குள் முறிந்துவிட்டால்?

வளைந்த அலுமினியத்தை நேராக்க முயல வேண்டாம். ஒரு தடவை வளைந்த இடத்தில் உலோகம் களைத்துவிட்டது, திருப்பி வளைத்தால் வெடிக்கும். கொஞ்ச வளைவென்றால் அப்படியே பாவியுங்கள்.

முறிந்த கோலுக்குப் பத்தை கட்டலாம். குளிர்பான ரின் ஒன்றை வெட்டிச் செவ்வகத் தகடாக்கி, முறிவின்மேல் இருபக்கமும் ஏழெட்டு செ.மீ. வருமாறு இறுக்கிச் சுருட்டுங்கள். முறிவுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கி, அதன்மேல் டேப் சுற்றுங்கள். ஆற்றில் நம்ப முடியாது, தட்டைப் பாதைக்குப் போதும். முறிந்த கார்பனைத் தொடுமுன் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிராய் தோலுக்குள் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இதற்கு வேண்டியவை சிறிய பொட்டலம்: ஹோஸ் கிளிப் இரண்டு, சின்ன ஸ்குரூ டிரைவர், மாற்று றப்பர் மூடி. டேப்பைத் தனியாகக் கொண்டு போகாமல், கைப்பிடிக்குக் கீழே கோலிலேயே இரண்டு மீற்றர் சுற்றி வைத்துவிடுங்கள்.

தோளும் முழங்கையும் வலிக்கிறது.

கோல் நீளம் கூட, அல்லது பிடி இறுக்கம். ஐந்து செ.மீ. குறைத்து, வாரையைச் சரியாக மாட்டி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். கோலை உடம்புக்கு முன்னே தூக்கி ஊன்றுகிறவர்களுக்கும் இந்த வலி வரும். தட்டை நிலத்தில் கோல் பின்னுக்குத் தள்ளத்தான், முன்னே தடுக்க அல்ல. இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே கோலோடு நடந்து பழகாமல் நேரே யாத்திரைக்குப் புதுக்கோலைக் கொண்டு போனாலும் வலிக்கும்.

கதிர்காமத்தில் கதிரமலை ஏறி இறங்க?

பல நாள் நடந்த முழங்கால்களுக்குக் கடைசியில் வரும் சோதனை அந்த இறக்கம். முதல் பதிலில் சொன்ன ஆய்வின் பயன் இங்கேதான் கைக்கு வரும். இறங்கும்போது கோலை நீட்டி, இரண்டையும் ஓரடி கீழே முதலில் ஊன்றி, பிறகு காலை இறக்குங்கள். கால் முதலில் இறங்கினால் கோல் வைத்திருந்தும் பயனில்லை. நெரிசல் உள்ள இடத்தில் கோலை மடித்துப் பையில் கட்டிவிடுங்கள்.

கோலில் ஸ்பிரிங் உள்ளது நல்லதா?

வேண்டாம். எடை கூட்டும், மணலில் அதற்கு வேலை இல்லை, உப்பில் துருப்பிடிக்கும்.

யானை, கரடி வந்தால் கோல் உதவுமா?

உதவாது. ஓங்கவும் கூடாது. கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள், பற்றை அடர்ந்த இடத்தில் முன்னே போகிறவரைத் தாண்டாதீர்கள்.

இரவில் தறப்பாள் கட்டக் கோலைப் பாவிக்கலாமா?

தாராளமாக. 120 செ.மீ. நீட்டிய இரண்டு கோல் தறப்பாளுக்கும் நுளம்பு வலைக்கும் நல்ல தூண். கைப்பிடி மணலில் இருக்கட்டும், முனை தறப்பாளின் உலோகக் கண்ணுக்குள் போகட்டும். கயிற்றை இருபக்கமும் இழுத்துக் கட்டுங்கள். காற்று வந்தால் பக்கவாட்டில் இழுபடும் என்பதால் கார்பன் கோலை இதற்குத் தவிர்ப்பது நல்லது.

வீட்டுக்கு வந்தபின் எப்படி வைப்பது?

வந்த அன்றே, துண்டுகளை முழுதாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். சவர்க்காரம் தேவையில்லை. துடைத்து, நிழலில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். பிறகு பூட்டுகளை இறுக்காமல் தளர்வாகச் செருகி வையுங்கள். வாவியோரத்திலும் கடலோரத்திலும் வீடு உள்ளவர்கள் துண்டுகளைத் தனித்தனியாகவே ஒரு துணிப்பையில் போட்டு, மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைப்பது நல்லது, காற்றில் வரும் உப்பே போதும். முனை உலோகம் தேய்ந்து பிளாஸ்டிக் தரையைத் தொடும் நிலைக்கு வந்திருந்தால் முனையை மாற்றுங்கள்: சூடான தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கி வைத்து, பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் குறட்டால் பிடித்து முறுக்கி இழுத்தால் கழன்று வரும். புது முனையைக் குழாயில் செருகி, மரக்கட்டை ஒன்றின்மேல் நாலைந்து தடவை ஓங்கி ஊன்றினால் இறுகிவிடும்.